ஆயிரம் படங்களுக்கு ஒரே கட்டளை

காகிதம் இல்லை என்ற காரணத்தால் மலையகத் தமிழர் அளவுக்கு அலைக்கழிக்கப்பட்ட மக்கள் இலங்கையில் வேறு யாருமில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் ஒரு சின்ன வாசலைத் திறந்துவிட்டது. மணமானவர் என்றால் 7 ஆண்டுகள், மணமாகாதவர் என்றால் 10 ஆண்டுகள், அதுவும் 1946 ஜனவரி 1 க்கு முன்னர் இடைவிடாமல் இங்கே வசித்ததாகக் காட்ட வேண்டும். ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்ததோ சுமார் 1,34,000 பேருக்குத்தான். பிறகு 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு அரசுகளும் கையொப்பமிட்டன. எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003 இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றின் சான்றுகள் ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியா என்று தோட்டந்தோட்டமாகச் சிதறிக் கிடக்கின்றன. தொழிலாளர் வரிசைவீடான லயத்து அறையின் தகரப்பெட்டிக்குள் பிறப்புச் சான்றிதழ், குடியுரிமை விண்ணப்பத்தின் நகல், தொழிற்சங்கச் சந்தா அட்டை, அக்கரைக்குப் போன சொந்தக்காரர் எழுதிய கடிதம். தோட்டத்து ஒப்பீசில் பழைய செக்ரோல்: யாருக்கு எந்த நாள் பேர், அதாவது முழுநாள் கூலி, விழுந்தது, யாருக்கு அரைப்பேர், யாருக்கு எவ்வளவு கடன் என்று ஒரு குடும்பத்தின் முழு வாழ்க்கையும் கட்டம் கட்டமாக எழுதப்பட்ட பேரேடு. கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் 2007 இல் சமூக அபிவிருத்தி நிறுவகம் தொடங்கிய தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் இப்படிப்பட்ட பொருட்களுக்கு லயத்திலேயே இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் எல்லாக் காகிதமும் அங்கே போய்ச் சேர்ந்துவிடாது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பனிமூட்டமும் தொடர்மழையும் ஈரச்சுவரும் சேர்ந்த இடத்தில் காகிதம் பூஞ்சணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. மை பரவுகிறது. கறையான் பாக்கியைப் பார்த்துக்கொள்கிறது.

படமெடுத்து வைப்பதுதான் உடனடியாகச் செய்யக்கூடியது. அதற்கு இன்று ஒரு கைப்பேசி போதும். சாதாரணக் கைப்பேசிப் படம் ஒன்றில் 4000 க்கு 3000, அதாவது 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள். ஏ4 தாளின் நீளம் 11.7 அங்குலம். தாள் சட்டத்தை நிறைக்கும்படி எடுத்தால் அங்குலத்துக்கு 340 புள்ளிகள் கிடைக்கும், கையெழுத்தை வாசிக்க அது தாராளம். 17 அங்குல அகலத்தில் விரியும் பேரேட்டை அதே சட்டத்துக்குள் அடக்கினால் அங்குலத்துக்கு 235 புள்ளிகள்தான் மிஞ்சும். அதனால் பேரேட்டின் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் தனித்தனியாக எடுப்பது நல்லது.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஹட்டனில் சில இளைஞர்கள் சேர்ந்து அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் 2000 படங்கள் எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படத்தையும் திறந்து, நிமிர்த்தி, சாய்வைச் சரிசெய்து, இணையத்துக்கு ஏற்ற அளவில் சுருக்கி, பெயர் வைத்துச் சேமிக்கப் படத்துக்கு 2 நிமிடம் என்றாலும் 67 மணி நேரம் ஆகும். அதே வேலையைப் பத்து வரிக் கட்டளைநிரல் ஒன்று படத்துக்கு 2 வினாடி வீதம் 67 நிமிடத்தில் முடித்துவிடும். இந்த வேகம் பெரிய விஷயந்தான். அதைவிடப் பெரிய விஷயம் வேறொன்று இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

கருந்திரையில் நாம் தட்டச்சு செய்யும் வரியை வாசித்து அதன்படி கணினியை வேலை வாங்கும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். 1971 இல் யுனிக்ஸின் முதற்பதிப்போடு கென் தொம்சன் எழுதிய ஷெல் வந்தது. 1979 இல் ஸ்டீபன் போர்னின் ஷெல் வந்தது, 1989 இல் பிரையன் ஃபொக்ஸ் எழுதிய பாஷ் வந்தது. இந்தப் பரம்பரை லினக்ஸிலும் மெக்கிலும் கூடவே கிடைக்கிறது. விண்டோஸில் டபிள்யூ.எஸ்.எல். என்ற வசதியை நிறுவிக்கொண்டால் அங்கேயும் ஓடும். அண்ட்ரொய்ட் கைப்பேசியில்கூட டேர்மக்ஸ் என்ற செயலியின் வழியாக ஓட்டலாம். படங்களைக் கையாள இமேஜ்மஜிக் என்ற இலவச மென்பொருள் வேண்டும். டூபொன்ட் நிறுவனத்தில் பணிபுரிந்த ஜோன் கிறிஸ்டி 1987 இல் எழுதத் தொடங்கி 1990 இல் எல்லோருக்குமாக வெளியிட்டது அது. கருந்திரைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. கையால் ஒருமுறை தட்டும் வரிகளை ஒரு கோப்பில் எழுதி வைத்தால் அதுதான் ஷெல் கட்டளைநிரல்.

அதன் நடுநாயகம் சுழற்சி. காலையில் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, வந்தவருக்கு வேலையைச் சொல்லி, அடுத்த பெயருக்குப் போவதுபோல, ஷெல் ஒரு கோப்புறையிலுள்ள ஒவ்வொரு படமாகக் கூப்பிட்டு ஒரே வேலையைச் செய்யவைக்கிறது. தமிழில் சொன்னால் நிரல் இவ்வளவுதான்:

மூலக் கோப்புறையிலுள்ள ஒவ்வொரு படத்துக்கும்,
தொடங்கு:
படத்தை நிமிர்த்து, சாய்வை எடு, நீளப் பக்கத்தை 1600 புள்ளிக்குச் சுருக்கு,
நகல் கோப்புறையில் அதே பெயரில் எழுது;
முடிந்தது.

ஷெல்லின் மொழியில் முதல் வரி ‘ஃபார்’ என்ற சொல்லில் தொடங்கும், இரண்டாவது ‘டூ’, கடைசி வரி ‘டன்’. நடுவிலுள்ள இரண்டு வரிகளும் இமேஜ்மஜிக்குக்குப் போகும் ஒரே கட்டளை. எல்லாப் படத்தையும் குறிக்க ஒரு நட்சத்திரக்குறி போதும்.

அந்த நிரலில் நான் ‘மூலம்’ என்றும் ‘நகல்’ என்றும் இரண்டு கோப்புறைகளைச் சொன்னது யோசித்துத்தான். இமேஜ்மஜிக்கில் மொக்ரிஃபை என்று ஒரு கட்டளை உண்டு. சுழற்சியே எழுத வேண்டாம், ஒரே வரியில் ஆயிரம் படங்களையும் மாற்றிவிடும். ஆனால் வேறிடம் குறிப்பிடாவிட்டால் மாற்றிய படத்தை மூலத்தின் மேலேயே எழுதிவிடும். 1600 புள்ளிக்குச் சுருக்கச் சொன்னால் 4000 புள்ளி மூலம் போயே போய்விட்டது என்று அர்த்தம். கருந்திரையில் குப்பைத்தொட்டி கிடையாது, மீட்கவும் வழியில்லை. கறையானுக்குத் தப்பிய செக்ரோல் பக்கம் ஒரு வரிக் கட்டளையில் அழியக்கூடாது. மூலக் கோப்புறைக்கு எழுதும் உரிமையையே எடுத்துவிடுங்கள்: ‘சீஎச்மோட்’ என்ற கட்டளையால் கோப்புறையையும் அதிலுள்ள கோப்புகளையும் வாசிக்க மட்டும் என்று பூட்டிவிடலாம். பிறகு கை தவறினாலும் கணினி மறுத்துவிடும்.

மூலத்தைக் காப்பதற்கு, கைப்பேசிப் படங்கள் பெரும்பாலும் சேமிக்கப்படும் ஜேப்பெக் முறையின் இயல்பும் ஒரு காரணம். 1992 இல் தரமாக ஏற்கப்பட்ட இந்த முறை படத்தை 8 க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுண்விவரங்களைக் கழித்துவிட்டுச் சேமிக்கிறது. முகத்துக்கும் மலைக்கும் அது நன்றாகப் பொருந்தும். மெல்லிய மைக்கோட்டுக்குப் பொருந்தாது, எழுத்தின் விளிம்பைச் சுற்றி அழுக்குப் படர்ந்ததுபோலத் தெரியும். திறந்து, மாற்றி, சேமித்து, மறுபடி திறந்து சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இழப்பு சேர்ந்துகொண்டே போகலாம். ஆகவே எந்த நகலும் மூலத்திலிருந்தே பிறக்க வேண்டும், நகலிலிருந்து நகல் எடுக்கக்கூடாது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, எடுத்த நேரம் முதலிய உள்விவரங்களும் உதிர்ந்துதான் வந்து சேரும். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் நினைவக அட்டையையே வாங்கி நகலெடுங்கள்.

படத்தை நிமிர்த்துவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கைப்பேசியை எப்படிப் பிடித்தாலும் உள்ளேயிருக்கும் உணரி ஒரே திசையில்தான் படத்தைப் பதிகிறது. எந்தப் பக்கம் மேலே என்பதை 1 முதல் 8 வரையிலான ஓர் எண்ணாகக் கோப்பின் தலைப்பகுதியில் எழுதி வைக்கிறது. 6 என்றால் வலஞ்சுழியாக 90 பாகை திருப்பிப் பார்க்க வேண்டும். இமேஜ்மஜிக்கின் ‘ஓட்டோ ஓரியண்ட்’ இந்த எண்ணை வாசித்துப் புள்ளிகளையே திருப்பிவிடும். ஆனால் கைப்பேசி திசையை அறிவது புவியீர்ப்பால். தரையில் காகிதத்தை விரித்து நேர் மேலிருந்து எடுக்கும்போது புவியீர்ப்பு திரைக்குப் பின்பக்கமாக இழுக்கிறது, மேல் எது கீழ் எது என்று கைப்பேசிக்குத் தெரிவதில்லை. ஒரே கட்டில் பாதிப் பக்கம் நிமிர்ந்தும் பாதிப் பக்கம் சாய்ந்தும் வருவது இதனால்தான். இதை எந்தக் கட்டளையாலும் முழுதாகத் தீர்க்க முடியாது. சாய்வெடுக்கும் ‘டெஸ்க்யூ’ பக்கத்துக் கோடுகளின் திசையை ரடோன் உருமாற்றம் என்ற கணித முறையால் கண்டுபிடித்துச் சில பாகைச் சாய்வைச் சரிசெய்யும், தலைகீழாய்க் கிடக்கும் பக்கத்தை அது அறியாது. தீர்வு படமெடுக்கும் இடத்திலேயே இருக்கிறது. எல்லாப் பக்கத்தையும் ஒரே திசையில் வைத்து, கைப்பேசியை ஒரே பக்கமாகப் பிடித்து எடுங்கள். அப்படிச் செய்தால் எல்லாப் படத்திலும் புள்ளிகள் ஒரே திசையில் பதிந்திருக்கும், கைப்பேசி எழுதிய எண்களை மாற்றி எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துத் திருப்பிவிடலாம்.

இனிப் பெயர். அனுபவசாலிகளும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

முதலாவது, இடைவெளி. ‘ஹட்டன் 1’ என்று ஒரு படத்துக்குப் பெயர் வைத்தால் ஷெல் அதை ‘ஹட்டன்’ என்றும் ‘1’ என்றும் இரண்டு கோப்புகளாக எடுத்துக்கொண்டு, இரண்டும் இல்லை என்று சொல்லிவிடும். நிரலில் படப்பெயர் வரும் இடமெல்லாம் இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். அடுத்தது வரிசை. 1, 2, 10 என்று பெயரிட்டால் ஷெல் எழுத்து வரிசைப்படி 1, 10, 2 என்று அடுக்கும், பேரேட்டின் பத்தாம் பக்கம் இரண்டாம் பக்கத்துக்கு முன்னால் வந்து நிற்கும். 0001, 0002 என்று பூச்சியம் நிரப்பிப் பெயரிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது சிக்கல் தமிழுக்கே உரியது. ‘கொட்டகலை’ என்ற ஊர்ப்பெயரைக் கோப்புக்கு வைக்கிறீர்கள். முதல் எழுத்தான ‘கொ’வை, எழுத்துகளுக்குக் குறியீடு கொடுக்கும் யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரத்துக்குரிய ஒற்றைக் குறியீட்டைச் சேர்க்கலாம், அல்லது ககரத்தோடு எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கணினிக்குள்ளே முதலாவதில் 8 குறியீடுகள், இரண்டாவதில் 9. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுப்பதால் ஒன்று 24 பைட், மற்றது 27 பைட். ஷெல் ஒப்பிடுவது பைட்டுகளை. எனவே ஒரு கோப்புறையில் பார்வைக்கு ஒரே பெயருள்ள இரண்டு கோப்புகள் அருகருகே இருக்கும், ‘கொட்டகலை’யைத் தேடினால் ஒன்றுதான் அகப்படும். பழைய மெக் கணினிகளின் கோப்பு முறைமை இந்த எழுத்துகளைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து லினக்ஸுக்கு நகலெடுத்தால் பிரிந்தபடியே வரலாம். நோர்வூட்டின் ‘நோ’வுக்கும் பொகவந்தலாவையின் ‘பொ’வுக்கும் இதே கதைதான். யூனிகோட் சீராக்கம் என்ற முறை எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும், அதைச் செய்யும் சிறு கருவிகளும் இருக்கின்றன. லினக்ஸில் பெரிதும் பயன்படும் ‘ஈஎக்ஸ்டி4’ கோப்பு முறைமையில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்ட முடியாது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். தமிழ்க் கணக்கில் அது 85 குறியீடுகள். தோட்டம், டிவிசன், ஆண்டு, பக்கம் என்று எல்லாவற்றையும் பெயருக்குள்ளேயே எழுத நினைப்பவருக்கு அது போதாது.

என் பரிந்துரை: கோப்புக்குப் பெயராக எண் மட்டும். விவரம் எல்லாம் தனிப் பட்டியலில். 2005 இலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கிவரும் நூலகம் திட்டத்தின் முகவரிகளை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஓர் எண், நூறு எண்களுக்கு ஒரு கோப்புறை. 1025 ஆம் ஆவணம் 11 என்ற கோப்புறைக்குள், 1025 என்ற உட்கோப்புறையில், 1025 என்ற பெயரிலேயே இருக்கும். நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு எல்லாம் வேறிடத்தில். தலைப்பில் எழுத்துப்பிழை கண்டு திருத்தினாலும் கோப்பு அசையாது, அதைச் சுட்டிய இணைப்பும் அறுந்துபோகாது. தோட்டங்களுக்கு இது இன்னும் பொருந்தும். ஒரே தோட்டத்துக்கு ஒப்பீசில் ஒரு பெயர், தொழிலாளர் வாயில் வேறொரு பெயர். பட்டியலில் இரண்டையும் எழுதலாம், கோப்புப்பெயரில் முடியாது.

மலைநாட்டில் இடி மின்னல் வந்தால் மின்சாரம் போகும். 1300 ஆவது படத்தில் நிரல் நின்றுவிட்டால் முதலிலிருந்தா தொடங்குவது? நகல் ஏற்கெனவே இருந்தால் தாண்டிப் போ என்று ஒரு நிபந்தனை வரியைச் சேர்க்கலாம். ஆனால் மின்சாரம் போன அந்தக் கணத்தில் பாதி எழுதப்பட்ட 1300 ஆவது நகலும் ‘இருக்கிறது’ என்றே கணக்காகும், கீழ்ப்பாதி சாம்பல் நிறத்தோடு அப்படியே கிடக்கும். அதனால் நகலை முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, எழுதி முடிந்த பின்பே சரியான பெயருக்கு மாற்ற வேண்டும். ஒரே வட்டுக்குள் பெயர் மாற்றுவது ஒரே கணத்தில் நிகழும் காரியம்: நடந்திருக்கும், அல்லது நடந்திருக்காது, இடைநிலை இல்லை.

மூலங்களுக்குக் கைரேகை எடுத்துவைக்கும் கட்டளையும் உண்டு. ‘ஷா256சம்’ என்பது ஒவ்வொரு கோப்பையும் கணக்கிட்டு 64 எழுத்துகளில் ஒரு குறியைத் தரும். படத்தில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் குறி முழுவதும் வேறாகிவிடும். படமெடுத்த அன்றே இந்தக் குறிகளைப் பட்டியலிட்டு வைத்தால், பத்து ஆண்டு கழித்து வேறொரு வன்தட்டில் இருக்கும் கோப்பு அன்றைய கோப்புத்தானா என்பதை ஒரு வரியில் சரிபார்க்கலாம்.

வேகத்தைவிடப் பெரிய விஷயம் என்று நான் சொன்னது இந்த நம்பகத்தைத்தான். மவுசைப் பிடித்து இழுத்து ஒரு படத்தைத் திருத்தினால் அதில் என்ன செய்தோம் என்பதற்குச் சாட்சி இல்லை. வெளிச்சத்தைக் கூட்டினோமா, ஓரத்தை வெட்டினோமா, ஒரு கறையை அழித்தோமா, யாருக்கும் தெரியாது. கட்டளைநிரலில் ஒவ்வொரு மாற்றமும் எழுத்தில் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர் மூலத்தை எடுத்து அதே நிரலை ஓட்டி அதே நகலைப் பெறலாம். உங்கள் காகிதம் செல்லாது என்று திரும்பத் திரும்பக் கேட்ட மக்களின் ஆவணத்தைக் கையாளும்போது இந்த வெளிப்படைத்தன்மை கட்டாயம் வேண்டும். ஆகவே படங்களோடு நிரலையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும் என்பேன்.

பொதுவில் வைக்கும் நகலில் இன்னொரு கவனம் தேவை. இடவமைவுப் பதிவு திறந்திருந்தால் கைப்பேசி ஒவ்வொரு படத்திலும் எடுத்த இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் எழுதிவிடுகிறது. ஒரு வயோதிபரின் லயத்து அறை எது என்பதை உலகம் வரைபடத்தில் பார்க்கத் தேவையில்லை. பில் ஹார்வி என்பவர் எழுதிய எக்சிஃப்டூல் என்ற கருவி இந்த விவரத்தை நகலிலிருந்து நீக்கும், மூலத்தில் அப்படியே விட்டுவிடலாம். படத்துக்குள் தெரியும் அடையாள அட்டை எண்ணை எந்தக் கட்டளையும் நம்பகமாகக் கண்டுபிடிக்காது. அதை ஒருவர் பார்த்துத்தான் மறைக்க வேண்டும், காகிதத்துக்கு உரியவரிடம் கேட்டுத்தான் வெளியிட வேண்டும்.

எழுத்தைக் கணினியே வாசித்துவிடாதா என்ற கேள்வி வரும். ஹியூலட் பக்கார்ட் நிறுவனத்தில் 1985 இல் தொடங்கி, 2005 இல் திறமூலமாக வெளிவந்த டெசராக்ட் தமிழ் அச்சையும் வாசிக்கும். அதையும் நம் சுழற்சிக்குள் ஒரு வரியாகச் சேர்க்கலாம். சங்கத்துத் துண்டறிக்கை, பத்திரிகை நறுக்கு போன்றவற்றை ஓரளவு நன்றாகவே தரும். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில், தும்பிக்கைபோல முன்னால் வளையும் பழைய ‘லை’, ‘னை’ வரும் இடங்களில் தடுமாறும். கணக்கப்பிள்ளையின் கையெழுத்தில் ஓடும் செக்ரோலை அது வாசிக்காது. அவற்றை மனிதர்தான் பார்த்து எழுத வேண்டும்: பட எண், தோட்டம், டிவிசன், ஆண்டு, பக்கத்தில் தெரியும் பெயர்கள் என்று படத்துக்கு ஒரு வரி. பழைய கையெழுத்தைப் பழகிய ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவர் பக்கத்தில் இருந்தால் வேலை பாதியாகும், அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிக்க இதுவே காலம். பட்டியல் ஆனதும் கிரெப் என்ற தேடற் கட்டளையிடம் ஒரு தோட்டத்தின் பெயரையோ ஒரு பாட்டியின் பெயரையோ கொடுத்தால், அது வரும் வரிகளைப் பட எண்ணோடு திரையில் அடுக்கிவிடும். தேடும் சொல்லையும் பட்டியலையும் முன்பே ஒரே யூனிகோட் வடிவுக்குச் சீராக்கி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்டகலைக்காரர்களில் பாதிப்பேர் அகப்படமாட்டார்கள்.